நாலு சக்கரமும் தரையில் படாமல்

ஓடுகிற வண்டிக்காரன் எவனும் எங்களை நினைக்க மாட்டான். நின்றுபோன வண்டிக்காரனுக்கோ எங்களைத் தவிர வேறு நினைப்பே வராது. அதுதான் ரெக்கவரி வண்டித் தொழில்.

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் எங்கேயாவது பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்தவர்போல உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறீர்களா? பின்னால் கம்பெனி பஸ் ஆரன் அடித்திருக்கும். டூவீலரில் போனவன் ஒவ்வொருத்தனும் “இன்னா சார், டீசல் இல்லியா?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போயிருப்பான். அப்படியானால் நீங்கள் நம்ம ஆள். வாங்க, உட்காருங்க. உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். என் வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் கேளுங்கள்.

என் வண்டி தட்டு வண்டி. முதுகைச் சாய்த்தால் தரையைத் தொடும். நின்றுபோன வண்டியை வின்ச் கம்பி போட்டு மெல்ல மேலே இழுத்து, சக்கரங்களைக் கட்டி, முதுகை நிமிர்த்திக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். கூட இருப்பவர் சுப்பையா அண்ணாச்சி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வின்ச் அவர் பொறுப்பு, கோபம் என் பொறுப்பு. ஆனால் கோபம் எவ்வளவு சீக்கிரம் வருமோ அவ்வளவு சீக்கிரம் எனக்குக் கனவும் வந்துவிடும். ஏரிமேல் பனி படிந்திருக்கிற காலை நேரத்தில், முதுகில் இன்னொரு வண்டியைச் சுமந்துகொண்டு மெல்லப் போகும்போது, நான் போகிறேனா, ரோடு என்னைத் தாண்டிப் போகிறதா என்றே தெரியாது. அண்ணாச்சி தொடையில் தட்டினால்தான் இந்த உலகத்துக்கு வருவேன்.

மரத்தின் இடுப்பு உயரத்தில்

வல்லம் வடகாலில் ஒரு கம்பெனி வாசலில் கார் ஒன்று கிளட்ச் போய் நின்றது. ஓட்டி வந்தவன் ஒரு லைன் சூப்பர்வைசர், சின்னப் பையன். நைட் ஷிஃப்ட் முடித்து, அதற்குமேல் ஓ.டி.யும் பார்த்துவிட்டு, கண் இரண்டும் கோவைப்பழமாக நின்றான். சாவியைக் கொடுத்தான், நண்பன் பைக்கில் போய்விடுவதாகச் சொன்னான். நாங்கள் காரை ஏற்றிக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். வெயில் இன்னும் ஏறவில்லை. கம்பெனிச் சுவர்களுக்கு மேலே பனி பஞ்சாக நின்றது. எனக்கு வழக்கமான மயக்கம் ஆரம்பித்த நேரம், கண்ணாடியில் பார்த்தால், மேலே இருக்கிற காருக்குள்ளிருந்து ஒரு தலை மெல்ல எழும்புகிறது!

ஓரம் கட்டி ஏறிப் பார்த்தால் அதே பையன். டிபன் பாக்ஸை எடுக்கப் பின் சீட்டுக்குள் நுழைந்தவன் அப்படியே தூங்கிப்போயிருக்கிறான். சக்கரத்தைக் கட்டின ஒரு பட்டை அறுந்தால் என்ன ஆகியிருக்கும் என்று காட்டுக் கத்தல் கத்தினேன். அவன் கண்ணாடி வழியாக வேப்பமரத்தின் நடுக்கிளையையும், பக்கத்தில் போகிற பஸ்ஸின் கூரையையும் பார்த்துக்கொண்டே இருந்தான். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கடைசியில் நிதானமாகச் சொன்னான்: “அண்ணா, அப்புறமா திட்டுங்க. கனவுல எங்க லைன் மேல பறந்துகினு இருந்தேன், ஒருத்தனும் டார்கெட் கேக்கல.”

பாதித் தூக்கு

அதிலிருந்து, ஏற்றிய வண்டிக்குள் யாரையும் உட்கார விடுவதில்லை. சீட்டுக்கு அடியில்கூடக் குனிந்து பார்ப்பேன். இந்த விதியால்தான் பூங்கொடி அக்கா என் கேபினுக்குள் வந்து உட்கார்ந்தார். அந்தக் கதைதான் மீதி எல்லாம்.

ஒரு கிருத்திகை அன்று காலை. வல்லக்கோட்டை போகிற ரோட்டில் இருக்கும் டீக்கடைக்காரர் போன் செய்தார்: “ஓடியா தணிகா, இங்க ஒரு அம்மா ஒருத்தன அடிக்கப் போறாங்க.” போய்ப் பார்த்தால், பச்சை நிற வேன் ஒன்று முன்காலைத் தூக்கி நிற்கிறது. மலை எஸ்டேட்டில் ஓடிக்கொண்டிருந்த பழைய வண்டி, கோயிலுக்குப் போகிற வழியில் நின்றுபோனதாம். முன் சக்கரத்தை மட்டும் தூக்கி இழுக்கிற ரகத்து ரெக்கவரி வண்டிக்காரன் ஒருத்தன் அதைக் கொக்கியில் மாட்டி, பின் சக்கரம் தரையில் உருள உருள, டீக்கடை வரைக்கும் இழுத்தே வந்துவிட்டான். வேனின் வயிற்றுக்கு அடியிலிருந்து தீய்ந்த வாசனை வந்ததும் வண்டிக்குச் சொந்தக்காரரான பூங்கொடி அக்கா குறுக்கே பாய்ந்து நிறுத்தியிருக்கிறார். அவனோ “எவ்ளோ வண்டி இழுத்திருக்கேன் தெரியுமா?” என்று மல்லுக்கு நிற்கிறான்.

எனக்கு உச்சிமண்டை சூடாகிவிட்டது. “எவ்ளோ வண்டி இழுத்தியோ, இந்த மாதிரி வண்டி இழுத்தியாடா?” என்று எகிறினேன். சாதாரண வண்டிக்கு இரண்டு சக்கரம்தான் இழுக்கும், மற்ற இரண்டும் சும்மா கூட வரும். இது எப்போதும் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ரகம். முன்னுக்கும் பின்னுக்கும் பலத்தைப் பங்கு பிரித்துக் கொடுக்க நடுவில் ஒரு பெட்டி இருக்கிறது. நாலு பேர் கைகோத்துக்கொண்டு நிற்கும்போது இரண்டு பேரைப் பிடித்து நிறுத்திவிட்டு மற்ற இரண்டு பேரை ஓடச் சொன்னால் என்ன ஆகும்? தோள்பட்டை கழன்றுகொள்ளும். அந்தத் தோள்பட்டைதான் இந்தப் பெட்டி. ஒன்று, நாலு சக்கரமும் மேலே ஏற வேண்டும்; இல்லை, கீழே இருக்கிற இரண்டு சக்கரத்துக்கும் அடியில் குட்டித் தள்ளுவண்டி கொடுக்க வேண்டும். அவனிடம் அதுவும் இல்லை. கூட்டம் என் பேச்சைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருக்க, அக்கா மட்டும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவனைப் பார்த்துச் சொன்னார்: “தூக்குறதுன்னா முழுசா தூக்கு, இல்லாங்காட்டி கையே வெக்காத.”

சுற்றாத சக்கரம்

கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஸ்டீயரிங் பூட்டை எடுத்தோம். அண்ணாச்சி வின்ச்சை அங்குலம் அங்குலமாகச் சுற்றினார். அடியில் போகிற ராடில் ஒரு கொக்கிகூட மாட்டவில்லை. பட்டை எல்லாம் சக்கரத்தைச் சுற்றித்தான். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. எல்லாம் முடிந்ததும் வண்டி தொட்டில் குழந்தை மாதிரி அசையாமல் படுத்துக்கொண்டது. அக்கா வேனுக்குள் ஏறப் போனார். விடுவேனா? கேபினில் எனக்கும் அண்ணாச்சிக்கும் நடுவில் உட்கார வைத்தேன்.

போகிற வழியில்தான் விஷயம் தெரிந்தது. அக்கா ஒரு கம்பெனி கேண்டீனில் வேலை பார்த்தவர். ஏரிக்கு அந்தப் பக்கம் பெண்கள் ஹாஸ்டல் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து கம்பெனிக்குப் போகிற ஏரிக்கரை ரோடு மழை பெய்தால் களிமண் குழம்பு. போன மழைக்கு ஒரு வேனும் உள்ளே வரவில்லை. நைட் ஷிஃப்ட் முடித்த பெண்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்திருக்கிறார்கள். ஒருத்தி வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டாள். அதைப் பார்த்துத்தான் அக்கா லைசென்ஸ் எடுத்து, சேற்றுக்குப் பயப்படாத இந்த வேனைத் தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறார். கம்பெனிக்கு வண்டி விடுகிற காண்ட்ராக்டர் ஒரே நிபந்தனை போட்டாராம். வரப்போகிற மழைக்காலத்தில் ஒரு நாள்கூட வண்டி வழியில் நிற்கக் கூடாது. நின்றால் ரூட் வேறு வேனுக்கு. “கேண்டீன் வேலைய வுட்டுட்டேன் தம்பி. திரும்பிப் போனா சேத்துக்க மாட்டாங்கோ. இதான் எனக்கு, இத்த வுட்டா ஒண்ணுமில்ல” என்றார். அந்தக் கொக்கிக்காரன் இழுத்த இழுப்பில் பெட்டி என்ன கதியோ!

பேச்சை மாற்ற நினைத்து, எந்த ஊர் என்று கேட்டேன். ஒரு கம்பெனி மதில் சுவரைக் காட்டி, “அத்தோ, அந்தச் செவுத்துக்குள்ள போயிட்ச்சே, அதான் எங்க கொல்லை. ஒரு வருசமும் ஒழுங்கா வெளஞ்சதில்ல” என்று சிரித்தார். சுவருக்கு மேலே பனி கலைந்துகொண்டிருந்தது. பக்கக் கண்ணாடியில் பச்சை வேன் மிதந்து வந்தது. அதற்குப் பின்னால் மரமும் வானமும் மட்டும்தான் தெரிந்தன. அக்கா அதையே பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே பேசுகிற குரலில் சொன்னார்: “ஒரு சக்கரமும் சுத்தாமலே வருது பாரு தம்பி. நம்மளயும் ஒரு நாளைக்கு யாராச்சும் இப்டி தூக்கி வெச்சுக்கினு போனா எவ்ளோ நல்லா இருக்கும்.”

எலுமிச்சம்பழம் யாருக்கு?

நான் பட்டறைக்குத் திருப்பப் போனால் அக்கா ஸ்டீயரிங்கில் கை வைத்துவிட்டார். பூஜை போடாத வண்டி முதல்முதலாகப் பட்டறை வாசலை மிதிக்கக் கூடாதாம். கோயிலுக்குக் கிளம்பி வந்தது கோயிலுக்குத்தான் போக வேண்டுமாம். “ஓடாத வண்டிக்கு இன்னாக்கா பூஜை?” என்றேன். “ஓடாத வண்டிக்குத்தான் பூஜை” என்றார். அண்ணாச்சியைப் பார்த்தால் அவர் ஏற்கெனவே கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறார். சரி என்று வல்லக்கோட்டைக் கோயிலுக்கு விட்டேன்.

கிருத்திகைக் கூட்டம். புது வண்டிகள் மாலையோடு வரிசை கட்டி நின்றன. குருக்கள் சந்தனம், குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுகிறவரை ஒன்றும் இல்லை. அடுத்து எலுமிச்சம்பழம். சக்கரத்துக்கு அடியில் வைத்து, வண்டி அதை நசுக்கிக்கொண்டு முன்னால் போக வேண்டும். உடனே கிளம்பினார்கள் பாருங்கள் ஆபத்பாந்தவர்கள்! “கீழ எறக்குங்க, தள்ளிடலாம்” என்றான் ஒருத்தன். “கயிறு கட்டி இழுத்தா அரை நிமிஷம்” என்றான் இன்னொருத்தன், அடியில் குனிந்து கயிறு கட்ட இடமும் தேட ஆரம்பித்துவிட்டான். அவன் கை வைத்த இடம், பெட்டியிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகிற ராடு! சந்நிதி வாசல் என்றும் பார்க்காமல் கத்தினேன். பெட்டியின் நிலைமை தெரிகிறவரை அந்த வண்டி கயிற்றில் ஓர் அடி நகரக் கூடாது என்றேன். அக்காவோ பழம் நசுங்காமல் போனால் மனசு ஆறாது என்கிறார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது அவருக்கு. குருக்கள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். மேலே இருந்த வேனைப் பார்த்தார், கீழே இருந்த என் வண்டியைப் பார்த்தார். பழங்களை எடுத்து அண்ணாச்சி கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “மேல இருக்கறவர் கண்ணை மூடிண்டு வரட்டும். கீழ உருளறவருக்குப் பழத்தை வைங்கோ.”

பாயின் மூக்கு

யூசுப் பாய் பட்டறையில் வேனை மெத்தென்று இறக்கினோம். வண்டி நின்றதற்குக் காரணம் டீசல் பம்ப். அது பெரிய விஷயமில்லை, மாற்றிவிட்டார். பிறகு நடுப்பெட்டியின் திருகைக் கழற்றி, எண்ணெயை விரலில் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடிக்கொண்டார். அத்தர் பார்க்கிறவர் மாதிரி நெடுநேரம் இருந்தார். எண்ணெய் கொஞ்சம் கருகியிருக்கிறது, புது எண்ணெய் ஊற்றலாம், ஆனால் உள்ளே இருக்கிற தட்டுகள் பிழைத்ததா, பாதி செத்ததா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். காய்ந்த ரோட்டில் எப்படியும் ஓடும். நாலு சக்கரமும் சேற்றில் இறங்குகிற அன்றைக்குத்தான் தெரியுமாம். காலையிலிருந்து எதற்கும் அசராத அக்காவின் முகம் அப்போதுதான் சுருங்கியது.

“அன்னைக்குத் தெரிஞ்சு என்னா பிரயோஜனம் பாய்? அன்னைக்கு நின்னா ரூட்டே போச்சு! இப்ப சொல்லு, ஆமாவா இல்லியா?” என்று நான் எகிறினேன். முழுசாகப் பிரித்துப் பார்க்கலாம், ஆனால் பிரித்தால் திரும்பப் போட மலையிலிருந்து சாமான் வர வேண்டும், அதற்குள் மழை வந்துவிடும் என்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே என் தோளில் தட்டினார்: “அரே தணிகா, டாக்டரே வயித்தக் கிழிக்காம சொல்ல மாட்டான், இது வாயில்லாத ஜீவன். மழை வரட்டும்.”

வெயில் நாட்கள்

அந்த வருஷம் மழை வரவே வராது என்றுதான் தோன்றியது. பச்சை வேன் எதிரே வரும்போதெல்லாம் அக்கா ஆரன் அடிப்பார். நான் கையால் “எப்படி?” என்பேன். அவர் வானத்தைக் காட்டி உதட்டைப் பிதுக்குவார். எனக்கு மதியத் தூக்கத்தில்கூட அந்த வேன் வந்தது. ஏரித் தண்ணீருக்கு மேலே போகும், சக்கரம் சுற்றாது, உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள். நான் கரையிலிருந்து கத்துவேன், குரல் வராது. டீக்கடையில் இதைச் சொன்னபோது அண்ணாச்சி வடையைப் பாதியில் நிறுத்தினார்: “ஏ தணிகா, அடுத்தவ வண்டிய நெனச்சு கெனாக் காணுத மொத ஆளு நீதாம்டே.”

கரை ரோடு

பிறகு வந்தது மழை. விடாமல் கொட்டியது. வானம் கொஞ்சம் வெளிவாங்கின ஒரு காலையில், பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது அக்காவிடமிருந்து போன். “தம்பி, கரை ரோட்டுல நிக்கிறேன். வண்டிய எடுத்துகினு வா.” அவ்வளவுதான், லைன் கட்டாகிவிட்டது. வாயில் நுரையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். போச்சு. பெட்டி போச்சு, ரூட் போச்சு, அக்காவின் பிழைப்பு போச்சு.

ஹாஸ்டல் பக்கத்திலிருந்து கரை ரோட்டில் ஏறினோம். ஏரி எது, ரோடு எது என்று தெரியவில்லை. கரண்ட் கம்பங்களைப் பார்த்துத்தான் ஓட்டினேன். தூரத்தில் கம்பெனி விளக்குகள் விடிந்தும் அணையாமல் வெளுத்துப்போய் எரிந்துகொண்டிருந்தன. கரை வளைகிற இடத்தில், தண்ணீருக்கு அந்தப் பக்கம், பச்சை வேன் தெரிந்தது. நின்றுகொண்டிருந்தது. புகை இல்லை, வைப்பர் அசையவில்லை, முன்விளக்கும் எரியவில்லை. சக்கரம் பாதி சேற்றில். “சோலி முடிஞ்சிட்டு” என்றார் அண்ணாச்சி. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. டீக்கடையில் நின்ற அந்தக் கொக்கிக்காரன் மட்டும் அப்போது கையில் கிடைத்திருந்தால், சத்தியமாக ஏரியில் தள்ளியிருப்பேன்.

வளைவைத் தாண்டினால், கருவேல மரங்களின் மறைவில் வெள்ளை வேன் ஒன்று, வயிறு வரைக்கும் சேற்றில் புதைந்து, ரோட்டுக்குக் குறுக்கே கிடக்கிறது. அக்காவின் வண்டி நின்றால் ரூட்டைக் கொடுப்பதற்காகக் காண்ட்ராக்டர் தயாராக வைத்திருந்த வண்டி. அன்றைக்கு ஆள் அதிகம் என்று அதையும் கூட அனுப்பியிருக்கிறார். அதன் டிரைவர் படிக்கட்டில் குந்திக்கொண்டு காண்ட்ராக்டரிடம் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தான்: “மழை முடியற வரைக்கும் இந்த ரூட் அந்தக்காவுக்கே இருக்கட்டும் சார், சாமி சத்தியமா எனக்கு வாணாம்.”

மண் இறுகிய இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, முழங்கால் சேற்றில் வெள்ளை வேனைச் சுற்றி நடந்தேன். பச்சை வேனின் கண்ணாடி மெல்ல இறங்கியது. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா உதட்டில் விரல் வைத்தார். உள்ளே எட்டிப் பார்த்தேன். வெள்ளை வேனில் வந்த பெண்களும் இதில்தான் இருந்தார்கள். நைட் ஷிஃப்ட் முடித்த யூனிஃபார்மோடு, அடையாள அட்டையோடு, மடியிலும் தோளிலும் சாய்ந்து, சீட்டுக்கு நடுவில் கீழேயும் உட்கார்ந்து, அத்தனை பேரும் தூக்கம். மூச்சுக்காற்றில் கண்ணாடி எல்லாம் பனி பூத்திருந்தது. மோசமான பள்ளத்தையெல்லாம் நாலு சக்கரமும் பிடித்து இழுத்துக்கொண்டு தாண்டிவிட்டதாம். முன்னால் போன வேன் வழியை மறித்ததால்தான் நிற்க வேண்டியதாயிற்று. இன்ஜின் சத்தத்தில் பெண்கள் விழித்துக்கொள்ளப் போகிறார்களே என்று அதையும் அணைத்துவிட்டாராம். எனக்கு வந்த சந்தோஷத்துக்கு ஊரைக் கூட்டியிருப்பேன். கத்தக் கூடாதே, சேற்றிலேயே நின்று சிரித்தேன். அக்கா என் தலையில் லேசாகக் குட்டி, காதருகே குனிந்து சொன்னார்: “எனக்கு ஒண்ணும் ஆவல தம்பி. அந்த வண்டிய எடுத்து வுடு. சத்தம் போடாம இழு, புள்ளைங்க தூங்குது.”

நிற்கிற வண்டியெல்லாம் கெட்டுப்போன வண்டி இல்லை என்று தெரிந்துகொள்ள இந்தத் தொழிலில் எனக்கு ஒரு முழு மழைக்காலம் பிடித்தது, அதற்குள் டாக்டர் என் பிரஷர் மாத்திரையை இரண்டு வேளையாக்கிவிட்டார்.